அப்பு இன்னும் சாப்பிடவில்லை

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. துணி காயவில்லை. தீப்பெட்டி, உப்பு வாங்க வேண்டும்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள்முதல் இவருக்குத் தமிழ் வரவில்லை. தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர், அதாவது சமைத்துப் பரிமாறும் பட்லர். அங்கே பழகிய பழைய இங்கிலீஷ் மட்டும் வாயில் மிச்சம். பேன்ட்ரி. லார்டர். பிங்கர் போல். என்னைப் பார்த்தால் "மேடம்." கட்டின பெண்டாட்டிக்கு இந்த வயதில் பதவி உயர்வு.

சிரித்தேன். ஆனால் சோறு வைத்தால் தொடுவதில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறார். "பிங்கர் போல், மேடம்." ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். தேத்தண்ணி மட்டும் கொஞ்சம் இறங்குகிறது.

ஜூலை 9, புதன்

தூறல். டாக்டர் ஐயா சொன்னது: "இப்படியே சாப்பிடலேன்னா மூக்கு வழியாக் குழாய் போடணும். வெள்ளிக்கெழம கூட்டிக்கிட்டு வாங்க."

பக்கத்து லயத்து வீட்டு ரோஸ்லின் டீச்சரிடம் புலம்பினேன். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். போனில் தேடிப் பார்த்தார்.

"செல்வி அக்கா, பட்லர்ங்கிற சொல்லே போத்தல்லேருந்துதான் வந்துச்சாம். அந்தக் காலத்துல சாராயப் போத்தலுக்குப் பொறுப்பான ஆளு."

"போத்தல் மூடியத் தொறந்தாலே தும்முற மனுசன் டீச்சர் இவரு!"

"பேன்ட்ரி, ரொட்டி வைக்கிற அறை. லார்டர், உப்புப் போட்ட பன்றி இறைச்சி வச்ச அறை."

"வெள்ளக்காரங்க ஊர்ல அறைக்கெல்லாம் சாப்பாட்டுப் பேரு. எங்க வீட்டுல சாப்பாடு இருக்கு, அறைதான் இல்ல."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும். பிறகு பிங்கர் போல் என்றால் என்ன என்று கேட்டேன்.

"சாப்பிட்டு முடிச்சதும் வெரல் நுனி கழுவ மேசைக்கு வர்ற சின்னக் கிண்ணம். இப்ப யாரு அக்கா அதெல்லாம் வைக்கிறாங்க?"

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது விளங்கியது. பங்களாவில் துரைசாணி சாப்பிட்டு, கிண்ணத்தில் விரல் கழுவிய பிறகுதான் அப்பு சாப்பிடலாம். நான் முடிப்பதற்காக இவர் நிற்கிறார். நானோ, கலியாணமான நாளிலிருந்து இவர் சாப்பிடாமல் ஒரு பருக்கை தொட்டதில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பட்டினி.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. பனிமூட்டம்.

கோயில் சேலை கட்டினேன். வீட்டில் ஒரே நாற்காலி, அதில் நான். அவர் நின்றார். அவர் முன்னால் முதல் ஆளாகச் சாப்பிட்டேன். பருப்புச் சோறு முழுவதையும் முடித்தேன். சில்வர் கிண்ணத்துச் சுடுதண்ணியில் விரலை நனைத்தேன்.

வலது கை விளங்காததால் இடது கையால் தன் தட்டை எடுத்தார். அடுப்படிக் குசினி வாசலில், எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, அவ்வளவு சோற்றையும் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கா அப்பு?"

"யெஸ், மேடம்."

பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். தட்டோடு இன்னும் தள்ளி உட்கார்ந்தார். விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது. உப்பு வாங்க மறுபடி மறந்தேன். குழாய் வேண்டாம் என்றார் டாக்டர் ஐயா.

நாற்காலி, கிண்ணம், சோறு, எல்லாம் நேற்று மாதிரி. சாப்பிட்டதும் வாசலுக்குப் போய் நின்றார். வாய் திறந்து திறந்து மூடியது. அப்புறம் தமிழ்.

"வீட்டுக்கு... போகணுங்க, மேடம்."

"என்ன அவசரம் அப்பு?"

"செல்வி... சாப்பிடாம இருப்பா."

போயிட்டு வாங்க என்றேன்.

தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்.