முதல் அரை மணி நேரம்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வசந்தி போய் இன்றோடு இருபத்தேழு நாள். அவள் இல்லாமல் வேலைக்குப் போகும் முதல் நாள். டிபன் பாக்ஸ் இல்லாத பை, கனமே இல்லை.

காலேஜில் மெயில் காத்திருந்தது. நாங்கள் போட்ட அணு உலை விபத்துக் கணக்கைச் சரிபார்க்கும் குழு அனுப்பியது. இரண்டு கேள்வி:
1. குழாய் உடைந்து அலாரம் அடித்த பிறகும், முதல் அரை மணி நேரம் ஆபரேட்டர் எதுவுமே செய்யமாட்டார் என்று ஏன் வைத்தீர்கள்? காரணம் எழுதவும்.
2. பத்தாவது நிமிடமே குளிர்நீர் வால்வைத் திறந்தால் என்ன ஆகும்? புரோகிராமை ஓட்டிக் காட்டவும்.

எங்கள் தொழிலே அப்படி. இருப்பதிலேயே மோசமானதை வைத்துத்தான் கணக்கு. வசந்தி கிண்டல் செய்வாள்: "ஒங்க உலை கெடக்கட்டும், மொதல்ல இந்த குக்கர் விசில எண்ணுங்க." ஒரு நாளும் சரியாக எண்ணியதில்லை.

ஜூன் 10, செவ்வாய்
இன்புட் ஃபைலில் ஒரே ஒரு எண்தான். 1800 நொடியை அழித்து 600. டீ குடித்துவிட்டு வந்துதான் மாற்றினேன்.

நாலு மணிக்கு ஓடி முடிந்தது. கிராப்பில் வெப்பம் கொஞ்சம் ஏறி, பத்தாவது நிமிடம் திரும்பி இறங்குகிறது. அவ்வளவு சுலபமாக. அரை மணி ஆனாலும் உலை தாங்கும். தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

அன்று காலை 6.10. "நெஞ்ச அடைக்குதுங்க" என்றாள். கேஸ்தான் என்றேன். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பேப்பர் படித்தேன். பேப்பர்! ஆட்டோ கூப்பிட்டது 6.40. ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டாள்.

கேட்டவர்களிடமெல்லாம் "உடனே கூட்டிட்டுப் போனேன்" என்றே சொல்லி வருகிறேன். பாவி நான்.

ஜூன் 12, வியாழன்
முப்பதாம் நாள் படையல். வாங்கியது: வாழை இலை, வெற்றிலை, அவளுக்குப் பிடித்த மசால்வடை. மறந்தது: கற்பூரம். பக்கத்து வீட்டில் கடன்.

அவள் தம்பி முருகன் பண்ருட்டியிலிருந்து முழுப் பலாப்பழத்தோடு வந்தான். சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான். "நீங்க இன்னா மாமா பண்ணுவீங்க. ஒடனே தூக்கிக்கினு ஓடுனீங்க. அக்கா விதி."

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அரை மணி நேரமா?"

"ஆமா மச்சான்."

"ஊருக்கெல்லாம் ஆபத்துக் கணக்கு போடுறீங்களே மாமா."

பாதி இலையில் எழுந்தான். கை கழுவினான். அக்கா படத்தை ஒரு தடவை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 16, திங்கள்
புழுக்கம். பலா பழுத்து வீடெல்லாம் வாசனை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவது அவள் வேலை. நான் தொடவில்லை.

முருகனுக்குக் காலையிலிருந்து மூன்று முறை போன்.

முதல் கேள்விக்கான காரணத்தை எழுதி அனுப்பினேன். ஒரே வரி. "அலாரம் அடித்ததும் மனிதன் அதை நம்பமாட்டான், ஒன்றும் இருக்காது என்றே முதலில் நினைப்பான்."

மூன்று மணிக்குப் பதில் வந்தது. காரணம் ஏற்கப்பட்டது.

முருகன் எடுக்கவில்லை.