தட்டிலிருந்து எடுத்த இரண்டாவது அட்டை

போடிநாயக்கனூர்,
ஏப்ரல் 9.

அன்பு மகள் பிரின்சிக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே அப்பா சுகம், பழனிசெட்டிபட்டியில் உன் அண்ணன் ஜோஷ்வா வீட்டிலும் எல்லாரும் சுகம், நீயும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று பார்க்காதே, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன், நாலு தடவையும் சாப்பிட்டியா என்றுதான் வந்தது. உங்கள் மிஷனிலிருந்து அஜய்குமார் தம்பி வருகிற பதினெட்டாம் தேதி மலாவிக்கு விமானம் ஏறுகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே அரைக்கிலோ ஏலக்காய், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் வரும், ஏலக்காயை ஊருக்கே வாரிக் கொடுத்துவிடாமல் நீயும் இரண்டு தட்டி டீயில் போட்டுக் குடி.

முதலில் உன் உடம்பு. பிப்ரவரியில் வந்த மலேரியா நிஜமாகவே போய்விட்டதா, இல்லை எனக்காகப் போய்விட்டது என்று சொல்கிறாயா. போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது, கேட்டால் வெளிச்சம் சரியில்லை அம்மா என்கிறாய், எலும்புக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம். கொசுவலையில் ஓட்டை இருந்தால் உடனே தை, தைக்க வராது என்றால் அங்கே உள்ள பெண்களிடம் கேள், அவர்கள் பிள்ளைகளுக்கு நீ எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாய், அவர்கள் உனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தரட்டும். அந்த மக்காச்சோளக் களியையே மூன்று வேளையும் தின்னாதே, ஒரு வேளையாவது சோறு பொங்கு. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மலையில் கோடை மழை இன்னும் இறங்கவில்லை, நம் கடைக்கு ஏலக்காய் வரத்துக் குறைந்துபோய் ராக்கம்மாளும் இன்னும் இரண்டு பேரும்தான் காய் பொறுக்க வருகிறார்கள். உனக்குப் பேசி வைத்திருக்கும் வடுகபட்டி மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார்கள், மே மாசக் கடைசியில் தங்கச்சி வந்துவிடும் என்று ஜோஷ்வா சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, நீ வருகிறாய் என்று அவனிடம் சொன்னதே நான்தான். உன்னை வரச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன், நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்.

டிசம்பரில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷம் முடியப்போகிறது, இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெளிவாகவில்லை, புதுவருஷ வாக்குத்தத்த அட்டையில் எனக்கு என்ன வசனம் வருகிறதோ அதை வைத்து முடிவு செய்கிறேன், நீங்கள் எந்தப் பக்கமும் சாய்ந்து ஜெபிக்க வேண்டாம் அம்மா என்றாய். சாயாமல் ஜெபிக்க எந்த அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் சரி என்றேன். ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனை முடிந்ததும் எப்போதும்போல ஆயர் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைத்தார், வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுத்தோம். என்னுடையதை எடுத்தேன், பிறகு ஊரில் இல்லாத உனக்காகக் கண்ணை மூடி ஒன்று எடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் பொறுமை இல்லாமல் அங்கேயே திருப்பினேன். நீ போகிற வழியெல்லாம் உன்னோடு வருவேன், உன்னைக் கைவிட மாட்டேன் என்கிற வசனம். வேறு யாருக்கு வந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன், உனக்கு வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போகிற வழி என்றால் மலாவிதான், இன்னும் மூன்று வருஷம்தான் என்று பட்டது. பின்னால் நின்ற ஒரு அம்மா பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு எடுக்கக் குனிந்தார்கள், அந்த நேரத்தில் அட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துவிட்டேன். அதில்தான் மனச்சமாதானத்தோடு உன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்கிற வசனம் இருந்தது. ஆண்டவரே என் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ அரைமணி நேரம் பதில் போடவில்லை. பிறகு, சரி அம்மா, வருகிறேன் என்று போட்டாய்.

அன்றைக்கே அது என் கழுத்தைப் பிடித்துவிட்டது. சபையில் தலையை எண்ணித்தான் அட்டை அச்சடிப்பார்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து இந்த வருஷம் இருநூற்றுப் பதினான்கு. மணி அடித்து, சர்ச்சுக்குள் கூட்டிப் பெருக்கி அங்கேயே ஒரு அறையில் தங்கியிருக்கும் நம் அம்மாவாசி அண்ணன் எப்போதும் கடைசியில்தான் எடுப்பார், மிச்சம் கெடக்குறதுதான் எனக்குன்னு வச்சது என்பார், எழுத்துத் தெரியாததால் அதைக் கடைக்குக் கொண்டுவந்து உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், நினைவிருக்கிறதா. அன்றைக்கு அவர் போய் நின்றபோது தட்டு காலி. கமிட்டியில் ஒரே பேச்சு, அச்சகக்காரர் முத்துக்கருப்பன்தான் ஒன்றைக் குறைத்துவிட்டார் என்று அப்பாவே போனில் அவரைச் சத்தம்போட்டார், அந்த மனுஷன் மூணு தடவ எண்ணித்தான்யா கட்டுனேன் என்று சத்தியம் செய்தார், நான் பக்கத்தில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஆயர் இரக்கப்பட்டு ஒரு அட்டையில் தன் கையால் வசனம் எழுதி அம்மாவாசி அண்ணனுக்குக் கொடுத்தார். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து, ஆயரு தங்கமானவுக, எழுதிக் குடுத்தாக, ஆனா இது அவுக குடுத்தது, வந்தது இல்லையே தாயி, ஆண்டவருக்கு இந்த வருசம் எங்கிட்டச் சொல்ல ஒண்ணுமில்லாமப் போச்சாக்கும் என்றார். வாசித்துக் காட்டவும் கேட்கவில்லை.

ஜனவரியிலிருந்து நான் அப்பமும் திராட்சரசமும் வாங்கக் கர்த்தருடைய பந்திக்குப் போகவில்லை பிரின்சி. முழங்கால் வலி, முட்டி போட முடியவில்லை என்று சொல்லிவிட்டு இடத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். உனக்கு மலேரியா என்று கேள்விப்பட்ட அன்று, இது என்னால் வந்தது என்று நினைத்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நீ சொல்வாய், உனக்குத் தெரிந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு மார்ச்சில் நீ குரல் பதிவு அனுப்பினாய். ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு நீ போனால் கதவை யார் திறப்பது என்று கேட்டதையும், எனக்கும் போக மனசில்லை, ஆனால் ஆண்டவர் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்று நீ அவர்களிடம் சொன்னதையும் கேட்டேன். ஆண்டவர் எங்கே சொன்னார், போடியில் இருந்து உன் அம்மா ரூபவதி சொன்னாள். அந்தப் பதிவை இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாசம் ஒருநாள் காய் பொறுக்கும்போது நல்ல காயைக் கழிவிலும் கழிவை நல்ல காயிலும் போட்டுக்கொண்டிருந்தேனாம், ராக்கம்மாள் என் கையைப் பிடித்து என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன், நம் சபையில் ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏக்கா, நாங்க கோயில்ல செவப்பும் வெள்ளையும் பொட்டலம் போட்டுப் பூக்கட்டிப் பாப்போம்ல, வந்த பூவு பிடிக்கலைன்னு திருப்பிக் கட்டுனா அப்புறம் எதுக்குச் சாமிகிட்டப் போறது, வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போயிரலாம்ல, பாவம் பிள்ள உங்களை நம்பிக் கேட்டுருக்கு என்றாள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அந்த இரண்டாவது அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். அம்மாவாசி அண்ணன் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உங்கள் அட்டையைத் திருடியது நான்தான் அண்ணே என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியை வைத்துவிட்டு, சரி, அதுல என்ன போட்டுருக்கு, வாசிங்க தாயி என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, வீட்டுக்குன்னா எந்த வீட்டுக்கு தாயி, எனக்கு இந்தச் சர்ச்சு ரூமு தவுர வீடு ஏது என்றார். அவர் மகள் பூமாரி மேகமலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லயன் வீட்டில் இருக்கிறது, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டது என்று ஆறு வருஷமாக அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை, உனக்கும் தெரியும். நான் அந்தப் பெயரை எடுக்கவில்லை. அவரே, போனா உள்ள விடுமா என்று என்னைக் கேட்டார், எனக்கு என்ன தெரியும். மறுநாள் ஆயரிடம் லீவு மட்டும் சொல்லிவிட்டு அட்டையையும் ஒரு பொட்டலம் மிக்சரையும் எடுத்துக்கொண்டு சின்னமனூர் போய் மலை பஸ் ஏறிவிட்டார். நாலு நாள் ஆளைக் காணவில்லை, மணியை ஆயரே அடித்தார், எனக்கு அதற்கும் பயம். ஐந்தாம் நாள் வந்தார். மொதல்ல கதவச் சாத்திருச்சு தாயி, அங்கனயே படியில உக்காந்துட்டேன், அப்புறம் தொறந்துச்சு என்றார். பேத்திக்கு அண்ணனுடைய அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்களாம்.

அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, நானா இருந்தா மூணாவதும் எடுத்துப் பாத்திருப்பேன் என்றார். சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். போன்ல சொல்லாத, அவ மொகத்தப் பாத்தா பாதிய முழுங்கிருவ, எழுது, மொத அட்டையையும் உள்ள வச்சு அனுப்பு என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு முத்துக்கருப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அந்த ஆள் வரும் வருஷமும் தன்னிடமே அச்சடிக்கக் கொடுக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாராம்.

முதல் அட்டை இதனோடு இருக்கிறது, அதுதான் உனக்கு வந்தது. கசங்கியிருக்கும், மூன்று மாசம் என் அரிசிப் பானைக்குள் கிடந்தது. அனுப்புவதற்கு முன் மறுபடி வாசித்துப் பார்த்தேன், அதில் மலாவி என்றும் இல்லை, போடி என்றும் இல்லை. இரு என்றும் இல்லை, வா என்றும் இல்லை. அன்றைக்கு ஊர் பெயரை நானே போட்டு வாசித்திருக்கிறேன், பயந்தவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நீ உன் கண்ணால் வாசி. டிக்கெட்டை உறுதி செய்ய முப்பதாம் தேதி வரை நேரம் இருக்கிறது என்று அஜய்குமார் தம்பி சொன்னார், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். வடுகபட்டிக்காரர்களை நினைத்துக் குழம்பாதே, அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஜோஷ்வா கத்தினால் அவனையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நீ வர வேண்டும், அதை மறைத்து எழுதினால் அது இன்னொரு பொய். உன் கட்டிலுக்குப் புது விரிப்புகூட வாங்கிவிட்டேன். ஆனால் நான் சொல்லி நீ வந்தால், சாப்பாடு போடும்போதெல்லாம் அந்த வாசலில் உட்கார்ந்த பதினைந்து பேரும் என் கண்முன் உட்கார்ந்திருப்பார்கள், அதை என்னால் தாங்க முடியாது கண்ணு.

வருகிறாயா இல்லையா என்பதற்கு மெதுவாகப் பதில் சொல். என்னை மன்னித்தாயா என்பதற்கு மட்டும் இதைப் படித்த அன்றே ஒரு வரி போடு, அது வந்தால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து பந்திக்குப் போவேன், ஆயரிடமும் அப்போது சொல்லிவிடுவேன். வருகிற ஜனவரியில் உன் அட்டையை நான் எடுக்க மாட்டேன். இங்கே இருந்தால் உன் கையாலேயே எடு. அங்கே இருந்தால் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவாசி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், சரி தாயி, ஆனா இந்தத் தடவ கடைசியில நிக்க மாட்டேன், உங்களுக்கு முன்னாடி நின்னுக்கிறேன் என்றார்.

மாத்திரையை விடாதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்து, நோயும் கொசுவும் உன்னை அண்டாமல் காப்பாராக, நீ எந்த ஊரில் படுத்தாலும் உனக்கு நல்ல தூக்கம் கொடுப்பாராக.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
ரூபவதி