பெருக்கல் குறி

அப்பாவுக்கு வணக்கம். முட்டி வலி எப்படி இருக்கு? மாத்திரையைப் பாதியா உடைச்சு மிச்சம் பிடிக்காதீங்க. நான் நல்லா இருக்கேன்.

இங்கே சலவை ஆலையில, எங்க விடுதிக்குப் பிரதிநிதி வேணும்னு ஓட்டு வச்சாங்க. ஊர்ல பேர் இருந்தும் போட்டதில்லையே, எனக்கு இதுதான் முதல் ஓட்டு. நின்னது ரெண்டே பேர்: சமையல்காரர், அப்புறம் மேனேஜருக்கு ஜால்ரா போடுற 'ஆமாஞ்சாமி'. நம்ம பசங்க எல்லாரும் கூடிப் பேசி, ஆமாஞ்சாமி பேருக்கு நேரா பெருசா பெருக்கல் குறி போட்டோம், வாத்தியார் தப்புக்குப் போடுவாரே, அதே மாதிரி. இங்கே அந்தக் குறிதான் ஓட்டாம்! அமோகமா ஜெயிச்சிட்டான். "உங்க அன்பை மறக்க மாட்டேண்டா"ன்னு கண் கலங்குறான். சமையல்காரர் எங்ககூடப் பேசுறதில்ல. சாப்பாட்டுல உப்பும் இல்ல.

ஊர்லயும் தேர்தல் வருதாமே. தங்கச்சிக்கு யாருக்குப் போடணும்னு சொல்லாதீங்க. எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க. மை வச்ச விரலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ஷிப்டுக்கு மணி அடிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு: வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வர்றவங்க என்னைப் பத்திக் கேட்டா, வெளிநாட்டுல இருக்கான்னு சொல்லிடாதீங்க, பேரை அடிச்சிடுவாங்க. கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துடுவான்னு சொல்லுங்க.

உங்க பையன்