தூக்கினால் அழுத பிள்ளை

மதினி,

வீடு முழுக்கச் சுட்ட வசம்பு வாசனை. நம்ம செல்வி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். சற்று முன்னால் பேத்தி வீறிட்டாள். தூக்கினேன், சட்டென்று நிறுத்தவில்லை. பயந்துபோய்ப் பாயில் கிடத்திவிட்டேன். "ஏம்மா, அழுகுற பிள்ளையப் போயி கீழ போடுற?" என்று கத்துகிறாள் செல்வி. அவளுக்கு என்ன தெரியும்?

அவள் பிறந்து சில நாளே ஆன பச்சைப் பிள்ளையாக இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்ததே. பால் குடிக்கவில்லை. தூக்கத் தூக்க அழுகை கூடியது. "உனக்குப் பிள்ள தூக்கத் தெரியல, இங்கன குடு" என்று பிடுங்கிக்கொள்வீர்கள். உங்கள் தோளிலும் அதே கூப்பாடுதான். உங்கள் தம்பி துபாயில் இருந்தார். தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸிலேயே சண்டை போட்டுக்கொண்டு போனோம்.

"மூளையச் சுத்தின சவ்வுல காய்ச்சல் இருக்கலாம். முதுகுல நீர் எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"முதுகுல குத்துனா பிள்ள முடமாப் போயிரும். ஒருத்தரும் தொடக் கூடாது!" குறுக்கே நின்றீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் உங்கள் கட்சி.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "தூக்கினா அழுகை குறையுதா, கூடுதா?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் செல்வியைக் கட்டிலில் கிடத்தினீர்கள். அடங்கினாள். தூக்கினீர்கள். துடித்தாள்.

"அசைச்சா வலிக்குது அதுக்கு. சவ்வுக் காய்ச்சல்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

உங்கள் முகம் செத்துப்போனது. "அப்ப நானாம்மா வலிக்க வச்சேன்? எடுங்க நீரை" என்றீர்கள். நானும் சரியென்று தலையாட்டினேன்.

நீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் மதுரைக்கு அனுப்பிய சோதனை வரும்வரை நம்ப முடியாது, ஊசி மருந்தை நிறுத்த முடியாது என்றார். பிள்ளையைத் தூக்காமல் உங்களால் எப்படி இருக்க முடிந்தது மதினி? உங்கள் விரலை அவள் கைக்குள் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். வராந்தாவில் நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கிப்போனது.

மதுரைச் சோதனையில் ஒரு கிருமியும் வளரவில்லை. வைரஸ்தான், தானாகவே தேறிவிடுவாள் என்றார் டாக்டரம்மா. பிரசவத்தின்போது எனக்கு இருந்த காய்ச்சலே பிள்ளைக்கும் ஒட்டியிருக்கலாம் என்று சொன்னபோது, நீங்கள் என்னைக் கிழிக்கப்போகிறீர்கள் என்று பயந்தேன். எதற்கெடுத்தாலும் என்னைக் குறை சொல்லும் நீங்கள், கண்ணை மூடும்வரை அதை மட்டும் சொல்லிக்காட்டவில்லை.

அன்று சாயங்காலம் செல்வி அழுதாள். பயந்து பயந்து தூக்கினீர்கள். அழுகையை நிறுத்திவிட்டாள். "அடங்கிட்டாடி!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது பாயில் கிடத்திய பேத்தி முன்னைவிடப் பெரிதாக வீறிடுகிறாள். மறுபடி தூக்குகிறேன். தோளில் முகத்தைத் தேய்த்துவிட்டு அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அடங்கிட்டாடி!"

செல்வி திடுக்கிட்டுப் பார்த்தாள். "அத்தை மாதிரியே கத்துற" என்றாள்.