கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று

மே 3, சனி

வேலைக்குக் கொண்டுபோகும் ஆரஞ்சு நிறத் தண்ணீர் கூலரில் இன்று கைவைத்தேன். பத்து கேலன் பிடிக்கும். ஐஸ் தண்ணீரை நாள் முழுக்கக் குளிராக வைத்திருப்பது வெந்நீரை ஒரு மணி நேரம் சூடாக வைத்திருக்காதா என்ன. பீர் காய்ச்ச அதுதான் வேண்டும். நொறுக்கிய மால்ட் பார்லி நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும், சூடு இறங்கக் கூடாது. இத்தனை வருஷம் டப்பாவில் வரும் பாகைக் கரைத்தே ஒப்பேற்றினேன். இனி சொந்த ஊறல்.

அமுக்கினால் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் பித்தளை வால்வு. ரப்பர் வளையம், வாஷர், நட். உள்ளே ஒரு சல்லடை. அரை மணி வேலை. தண்ணீர் நிரப்பினேன். சொட்டுகிறது.

மே 4, ஞாயிறு

இன்னும் இறுக்கினேன். இன்னும் வேகமாகச் சொட்டுகிறது.

மே 6, செவ்வாய்

புது ரப்பர் வளையம், புது வாஷர். அதே சொட்டு. ஆர்டிஸ் படியில் நின்றுகொண்டு, நல்ல பிளம்பராகப் பார்த்துக் கூப்பிடட்டுமா என்றாள். பெண்டாட்டிக்கு விளையாட்டாக இருக்கிறது. முப்பது வருஷமாக ஷெபாய்கன் ஊரில் பாதி வீடுகளின் ஒழுகலை நிறுத்தியவன் நான்.

மே 9, வெள்ளி

எப்போதும்போல மதுக்கடையில் மீன் வறுவல். ஆர்டிஸ் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். மெர்ல் எனக்கு மச்சான் மட்டுமில்லை, தொழில் பங்காளியும்கூட. அவனிடம் சொல்வதும் ஊரில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். கடை முழுக்கச் சிரிப்பு. வேனில் எழுதியிருக்கும் எங்கள் பெயரை அழித்துவிடலாமா என்று ஒருவன் கேட்டான்.

பிறகு மெர்ல் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக் மாப்ளே. கையால இறுக்கு. எங்க நிக்குதோ அங்கேருந்து கால் சுத்து. அதுக்கு மேல போகாத."

எனக்கே பாடம். வேலை கற்க வந்த அத்தனை பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்த வரி அது. பாதி மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மே 10, சனி

நாசமாய்ப் போக.

மெர்ல் சொன்னபடி மறுபடி மாட்டினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஒரு சொட்டுகூட விழவில்லை என்று நம்பி இன்று ஊறல் போட்டேன். பச்சைத் தண்ணீருக்குத் தாங்கியது வெந்நீருக்குத் தாங்கவில்லை. பத்து நிமிஷத்தில் வால்வைச் சுற்றி ஊற்ற ஆரம்பித்தது. பத்து பவுண்டு மால்ட், கஞ்சி மாதிரி தரையெல்லாம். ஆர்டிஸ் வான்கோழி வறுக்கும் தட்டை எடுத்துவந்து பிடித்தாள். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன் — தள்ளு, உனக்கென்ன தெரியும், எல்லாம் உன் நாக்கு. அவள் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள்மேல எதுக்குக் கத்தினேன்?

மே 11, ஞாயிறு

கழற்றிப் பார்த்தேன். ரப்பர் வளையம் நசுங்கிப் பிதுங்கியிருக்கிறது, ஓரத்தில் வெட்டு. கூலரின் உள்சுவரில் விரிசல். நட்டை யாரோ வெறிபிடித்து இறுக்கியதுபோல. யாரோ என்ன யாரோ. நான்தான்.

மெர்ல் சொன்னபடிதானே செய்தேன்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு நட்டைக் கையால் திருகிப் பார்த்தேன். எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துக் கிடக்கின்றன.

எழுதிவிட்டேன். டிசம்பரிலிருந்து இப்படித்தான். பனி அள்ளியதால் வந்தது, தானே போகும் என்று சொல்லிக்கொண்டேன். போகவில்லை. ஏப்ரலில் ஹாஃப்னர் வீட்டுக் குளியலறையில் நான் போட்ட நட் பிளந்து, கீழே சாப்பாட்டு அறைக் கூரை ஊறி விழுந்தது. சரக்கு மட்டம் என்று சொன்னேன். சரக்கு நன்றாகத்தான் இருந்தது.

மே 12, திங்கள்

இன்று எல்லா இணைப்பையும் இருமுறை இறுக்கினேன். அதுதான் தப்பு என்று தெரிந்தும்.

மே 15, வியாழன்

அடுத்த திங்கட்கிழமை சர்ச் குழந்தைகள் காப்பகத்தில் புது வெந்நீர்க் கொதிகலன். கேஸ் இணைப்பை நான் போட வேண்டும் என்று மெர்ல் சொன்னான். சரி என்றேன். சரின்னு ஏன் சொன்னேன்? தண்ணீர் இல்லடா இது, கேஸ். அங்கே பிள்ளைகள் தூங்கும்.

சொன்னால் வேலை போச்சு. வேறு என்ன தெரியும் எனக்கு?

மே 17, சனி

புதுக் கூலர். விரலை நம்பாமல் கண்ணை நம்புவோம் என்று நட்டில் பென்சிலால் கோடு போட்டேன். கால் சுற்றைக் கண் அளந்துவிடும். ஆனால் எங்கிருந்து கால் சுற்று? அதை விரல்தான் சொல்ல வேண்டும். மூன்று தடவை போட்டேன், மூன்றும் ஒழுகின. ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன்.

சத்தம் கேட்டு ஆர்டிஸ் வந்தாள். ஒரு வாரமாகச் சரியாகப் பேசாதவள். ஒன்றும் கேட்காமல் நட்டைக் கையால் திருகி, ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்க நின்னுருச்சு. உனக்குத் தெரியலயா?"

தெரியல என்றேன்.

அந்த இடத்தில் கோடு போட்டுக் கால் சுற்று இறுக்கினேன். வெந்நீர் ஊற்றினோம். ஒழுகவில்லை. அவள் வால்வைப் பார்க்கவே இல்லை, என் கையைப் பிடித்து விரல் விரலாகக் கிள்ளிப் பார்த்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள், சொன்னேன். "நாளைக்கு அண்ணனை வரச் சொல்றேன். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

மே 18, ஞாயிறு

காலையிலேயே ஊறல் போட்டாயிற்று. மூடிவைத்தால் ஒரு மணி நேரம் செய்ய ஒன்றுமில்லை. மெர்ல் எதிரே பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். நாற்பது நிமிஷம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் பேசினேன். பிறகு சொன்னேன். ஹாஃப்னர் வீட்டையும் சேர்த்து.

மெர்ல் பக்கெட்டை என் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"பிப்ரவரியிலேர்ந்து தெரியும் மாப்ளே. நீ வேனுக்குப் போனப்புறம் உன் வேலையெல்லாம் திருப்பிப் பாத்துட்டுத்தான் நான் வருவேன். ஹாஃப்னர் வீட்டன்னிக்கு மட்டும் பல் டாக்டர்கிட்ட போயிட்டேன்."

எழுந்து நின்றேன். தெரிந்துமா கேஸ் வேலையைக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அப்பவாவது வாயத் தொறப்பியான்னுதான்."

திறக்காவிட்டால்?

"திங்கக்கிழமை காலைல ஸ்பேனரப் புடுங்கியிருப்பேன். அதோட நம்ம கூட்டுத் தொழிலும் முடிஞ்சிருக்கும்."

மூடியைத் திறந்தோம். நூற்று ஐம்பத்தொன்று. ஒரே ஒரு டிகிரிதான் இறங்கியிருந்தது. சாற்றை வடித்துக் காய்ச்சினோம்.

மே 19, திங்கள்

காலையில் ஹாஃப்னர் அம்மாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். திட்டினாள், வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை நரம்பு டாக்டர்.

காப்பகத்தில் கேஸ் இணைப்பை மெர்ல் போட்டான். நான் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சாமான்களை அள்ளும்போது, தினமும் சொல்வதுபோல அவன் சொன்னான்: "நீ வேனுக்குப் போ, இதோ வர்றேன்."

சொல்லிவிட்டு அவனே நின்றான். காது வரைக்கும் சிவந்துவிட்டது அவனுக்கு.

"பழக்க தோஷம்," என்றான்.

நான் போகவில்லை. கருவிப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன்.