ஒரு முடிச்சு இங்கிலாந்து, இரண்டு முடிச்சு அமெரிக்கா

1933 மே 9, செவ்வாய். கஹவத்தை.

மழை. மண்ணெண்ணெய் வாடை சோற்றிலும் ஏறிவிட்டது.

நேற்று ஏலத்தில் எடுத்த மூட்டையை இன்று அவிழ்த்தோம். மூடிப்போன ரப்பர் தோட்டமொன்றின் ஸ்டோர்ச் சாமான், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைச் சாமான். பழைய ஸ்பேனர்கள், நட்டின் தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்கிற பாக்ஸ்கள் ஒரு கூடை, அந்த பாக்ஸைப் பூட்டித் திருப்புகிற ராச்சட்டுகள் சில. ரப்பருக்கு விலை இல்லையென்று ஸ்டோர் ஸ்டோராக மூடுகிறார்கள். மூடுகிற ஸ்டோரெல்லாம் கடைசியில் என் கொல்லைப்புறத்து மண்ணெண்ணெய் வாளிக்குள்தான் வந்து விழுகிறது. தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை வெடித்துக் கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரு ராச்சட்டைக் காதோடு வைத்துத் திருப்பினார். டிக் டிக் டிக். "நல்ல சாமான் புள்ள. பல்லு தேயல்ல" என்றார். போன வருஷம் வரைக்கும் அதை வெளிச்சத்தில் பிடித்து, பல்லைக் கண்ணால் பார்த்தவர்.

விற்காத அலுமாரி ஒன்று இருக்கிறது. அதில் அவருடைய செல்லங்கள். சின்னத் தாழ்ப்பாள் வைத்த ராச்சட் ஒன்றை மட்டும் தினமும் எடுத்துத் துடைப்பார். கட்டைவிரலால் தாழ்ப்பாளைத் தட்டினால் திருப்பும் திசை மாறும், பிடியை மாற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும் தரமாட்டார். என்னைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை மனுஷன்.

மே 10

வாளியில் இடறி விழுந்தார். வாளியை நான் இடம் மாற்றி வைத்தேனாம். மாற்றவில்லை.

மே 14, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஒரு லொறிக்காரனுக்கு பாக்ஸ் மாற்றிக் கொடுத்துவிட்டார். இங்கிலீஷ் சாமானில் அடித்திருக்கிற எண் போல்ட்டின் தடிப்பு. அமெரிக்கச் சாமானில் அடித்திருக்கிற எண் வாயின் அகலம். அதனால் இங்கிலீஷ் 'கால்' பாக்ஸும் அமெரிக்க 'அரை' பாக்ஸும் ஏறக்குறைய ஒரே வாய். விரலுக்கு வித்தியாசம் தெரியாது, நட்டுக்குத் தெரியும். லொறிக்காரனின் நட்டு நாலு மூலையும் உருண்டு போய்விட்டது. கடைவாசலில் நின்று சிங்களத்தில் கத்திவிட்டுப் போனான்.

இரவு கேட்டேன். "உங்களுக்கு எழுத்து தெரியல்ல, அப்படித்தானே?"

"மங்கலாத் தெரியும்."

"எவ்வளவு மங்கல்?"

அலுமாரியை மூடினார். பிறகு சொன்னார்: "மக்கீனுக்கு மட்டும் தெரிய வாணாம்."

மக்கீன் அவருடைய தம்பி. இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரம். கண் போனது தெரிந்தால் மறுநாளே வந்து கடையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, எங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் உட்கார வைத்துவிடுவார். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. நல்லது செய்வதாக நினைத்தே செய்வார். இவரோ பின்னறையில் ஒரு மாதம் உயிரோடு இருக்கமாட்டார்.

ஆகவே நான் கண்ணாக இருக்க வேண்டும். யாரும் அறியாமல்.

மே 23, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். கழுவின சாமானை நான் உள்ளே வைத்துப் பார்ப்பேன். என் சாவிக்கொத்தில் ஓர் அமெரிக்க நட்டைக் கோத்திருக்கிறேன். பாக்ஸில் போட்டால் இறுக்கமாக உட்கார்ந்தால் அமெரிக்கா, ஆடினால் இங்கிலாந்து. மற்ற அளவுகளுக்கு மேலே அடித்திருக்கிற எழுத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்த எழுத்தெல்லாம் அவர்தான் கலியாணமான புதிதில் வேடிக்கைக்குச் சொல்லித் தந்தது. பார்த்தபின் கறுப்பு நூல் கட்டுகிறேன். ஒரு முடிச்சு இங்கிலாந்து, இரண்டு முடிச்சு அமெரிக்கா. வெளியே கடையில் அவர் விரலால் முடிச்சைத் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறார். கொடுக்குமுன் நூலை அறுத்துவிட வேண்டும் என்று பேச்சு.

கறுப்பு நூல்தான் எடுத்தேன். கிரீஸ் பட்டாலும் அழுக்குத் தெரியாதே.

புது சாமான் வந்தால், "உள்ளுக்குப் போட்டுக் கழுவிப் பாத்துத்தான் விலை சொல்ல ஏலும்" என்று சொல்லித் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்குகிற திரைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுவார். நான் பார்த்து, முடிச்சுப் போட்டு, திரும்பத் தள்ளுவேன். பாவனை நன்றாகத்தான் போகிறது. முதுகுதான் போகிறது.

ஜூன் 7, புதன்

மேல்தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் பார்க்கிற பழனியாண்டி வந்தார். எங்கள் ஆட்களைப் போல அவரும் இவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்று. போன தடவை பாக்ஸும் ராச்சட்டும் வாங்கிப் போனவர். அப்போது நூலை அறுக்க இவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நானா, இந்தச் சாமானு கை வச்சதுலேருந்து ஒரு நட்டும் சறுக்கலீங்க. ஆமா, இந்த நூலு என்னாங்க?"

சும்மா கட்டினது என்று சொல்லி அறுத்துப் போட்டிருக்கலாமே! இவர் தடுமாறிப் போய், "அது இரிக்கட்டும், களட்ட வாணாம்" என்று சொன்னார்.

"ஓ" என்றார் பழனியாண்டி. அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

வினை. தோட்டத்துப் பக்கமிருந்து மூன்று பேர் வந்து நூல் கட்டின சாமான்தான் வேண்டும் என்று கேட்டார்களாம். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதிக் கட்டின நூல் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயமெல்லாம் பேச்சு. கறுப்பு நூல், அதில் முடிச்சு. வேறு என்னவென்று நினைப்பார்கள்? எங்கள் சனத்திலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதே நூலைத்தானே கட்டுகிறோம். எனக்குப் புத்தி இருந்தால் வெள்ளை நூல் எடுத்திருப்பேன்.

ஜூலை 8, சனி

சண்டை.

"ஓதாததை ஓதினதெண்டு விக்கிறது பாவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் ஓதினதெண்டு சொன்னேனா? நான் ஒண்டும் சொல்லல்ல."

"இல்லையெண்டும் சொல்லல்லையே."

"அப்ப என்ன நூலெண்டு சொல்லச் சொல்றாய்? குருடனுக்குக் கட்டின நூலெண்டா?"

அந்தச் சொல்லை அவர் வாயால் முதன்முதலாகக் கேட்டேன். திரும்பிப் போய் வாளியில் கை வைத்தேன். அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மீன் கறி பூனைக்குப் போயிற்று.

வியாபாரம் மட்டும் நன்றாக நடக்கிறது.

ஜூலை 11

களைப்பு. வேறொன்றும் இல்லை.

ஜூலை 19, புதன்

பழனியாண்டியின் கை இஞ்சினில் போய்விட்டது.

தோட்டத்துத் துரை அவசரப்படுத்தினாராம். இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அந்த நட்டை இறுக்க வேண்டும், நிறுத்தாமல் கை வைக்கிற ஆளே இல்லை பழனியாண்டி. நேற்று நிறுத்தவில்லை. கூட நின்றவர் நிறுத்தச் சொன்னதற்கு, "நூலு கட்டுன சாமானு, ஒன்னும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். வலதுகையில் இரண்டு விரல் நசுங்கி, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில்.

சாமான் கொண்டுவந்த ஒருவர் கடையில் நின்று இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, நூல் கட்டின ஸ்பேனர் ஒன்று கேட்டார். இவர் இல்லையென்று சொல்லி அனுப்பினார்.

ஜூலை 20

என் முடிச்சு. என் கை போட்ட முடிச்சு. யா அல்லாஹ்.

ஜூலை 22, சனி

அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ராச்சட்டைத் திருப்புகிற சத்தமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஏன் திருப்பவில்லை என்று. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி நடமாடுகிறோம்.

ஜூலை 30, ஞாயிறு

இன்று பின்கதவில் ஒரு பெண் வந்து நின்றாள். பழனியாண்டியின் மனைவி வெள்ளையம்மா. மழையில் நனைந்து, தலையில் சாக்கு. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது.

"அம்மா, அவரு கை ஆறவே மாட்டேங்குது. சுத்தமில்லாம தொட்டுட்டாரு போல, அதான் அந்த நூலு பலிக்கல. எங்க மேல தான் தப்பு. நானாகிட்ட சொல்லி வேற ஒன்னு ஓதிக் குடுங்கம்மா. கையில கட்டி விடுறேன்."

தங்கள் மேல் தப்பு என்கிறாள்!

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். நூல் இல்லை, முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் வெள்ளிக்கிழமை என்றேன்? யோசிக்க நாள் வேண்டுமே, அதற்குத்தான்.

அவள் போனதும் உள்ளே வந்து அவரிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை நீங்க சொல்லாட்டி, திரைய விலக்கிக்கொண்டு நான் வந்து சொல்லுவேன்."

"மக்கீனுக்குப் போகும்" என்றார்.

"போகட்டும்."

"கடை போகும்."

"அவருக்கு விரல் போயிருக்கு."

ஜூலை 31

தலையணைக்குள் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறார். அழுகிறாரா தூங்குகிறாரா?

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தார். கடையில் சனம் இருந்தது. லொறிக்காரர்கள், தோட்டத்து ஆட்கள், பக்கத்துக் கடைச் சாலி. பழனியாண்டி கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார். திரையின் ஓட்டை வழியே பார்த்தேன். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "பழனியாண்டி, அந்த நூல் ஓதினதில்ல. ஒரு லெப்பையும் ஓதல்ல. எனக்குக் கண் தெரியாது. எது இங்லீஸ் சாமான், எது அமெரிக்கச் சாமான் எண்டு விரலால தடவிப் பாக்க, ஊட்டுல கட்டித் தந்த முடிச்சு அது. நீங்க கேட்ட அண்டைக்கே சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுச் சொல்லல்ல. அதால ஒங்கட விரல் போச்சு."

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பழனியாண்டி கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியுமே நானா. சித்திரையிலேயே தெரியும். நான் சிரிச்சா நீங்க சிரிக்கிறது இல்ல. காச மோந்து பாக்கிற மாதிரி பாக்கிறீங்க."

"அப்ப ஏன்..."

"அதான் நானா நம்புனோம். கண்ணு தெரியாத மனுசன் கூடையில கைய விட்டு எடுக்கிறாரு, ஒரு தரம் கூட தப்பல. அது எப்புடி? நூல்லதான் என்னமோ இருக்குன்னு நெனச்சோம்."

நாங்கள் எதை மூடி மூடி வைத்தோமோ, அதைப் பார்த்துத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். வாளியோடு இத்தனை பாடு, இத்தனை பொய், இத்தனை சண்டை. எல்லாம் ஊருக்கே தெரிந்த ஒன்றை ஒளிக்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசியில் அழுகைதான் நின்றது.

பழனியாண்டி கோபப்படவில்லை என்று எழுதினால் பொய். போகும்போது, "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இஞ்சின நிப்பாட்டியிருப்பேன்" என்றார். அது போதும், ஆயுளுக்கும்.

ஆகஸ்ட் 5

விற்காத அலுமாரியைத் திறந்து, தாழ்ப்பாள் வைத்த ராச்சட்டைப் பழனியாண்டிக்கென்று எடுத்து, சாலியிடம் கொடுத்து லயத்துக்கு அனுப்பினார். பிடியை மாற்றாமல், கட்டைவிரலால் தட்டியே இறுக்கவும் கழற்றவும் ஏலும். மீதி விரல்களுக்கு அது தோது. நூல் கட்டவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ராச்சட் திரும்பி வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. வலதுகை ஆறும் வரைக்கும் பழனியாண்டி இடதுகையால் பழகுகிறாராம். இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்.

நான் வெள்ளை நூலுக்கு மாறிவிட்டேன். கேட்கிறவர்களுக்கு முன்னாலேயே அவர் கத்தரியால் அறுத்துத்தான் சாமானைக் கொடுக்கிறார். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காலை பஸ்ஸில் மக்கீன் வந்து இறங்கினார். எதிர்பார்த்ததுதான். கடைக்குள் வந்து, அண்ணனின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "நானா, போதும். எனக்கிட்ட வந்து சொகமா இரிங்கோ" என்றார்.

"கடைக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் இவர்.

மக்கீன் கூடையிலிருந்து நூல் கட்டாத இரண்டு பாக்ஸை எடுத்து இவர் கையில் வைத்தார். "அப்ப சொல்லுங்கோ பாப்பம். இதுல எது இங்லீஸ்?"

இவர் இரண்டையும் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும், விரலுக்கு அது பிடிபடாது. பிறகு, "எனக்குத் தெரியாது. உள்ளுக்குக் கேளு" என்று திரைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

மக்கீன் முன்னால் நான் இந்த நாள்வரை வாய் திறந்ததில்லை. சாவிக்கொத்து நட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று இறுக்கமாக உட்கார்ந்தது, ஒன்று ஆடியது. ஆடினதைத் திரைக்கு வெளியே முதலில் தள்ளி, "இது இங்லீஸ் கால். மத்தது அமெரிக்க அரை" என்று சொன்னேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"சரிதான், இஞ்ச அடிச்சிரிக்கி" என்றது பக்கத்துக் கடையிலிருந்து வந்து நின்ற சாலியின் குரல்.

மக்கீன் தேத்தண்ணீர் குடித்தார். பின்னறையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பகல் பஸ்ஸிலேயே போய்விட்டார்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, ஏதோ ஒரு ராச்சட்டைக் காதில் வைத்துத் திருப்புகிறார். டிக் டிக் டிக். நீண்ட நாளுக்குப் பிறகு கேட்கிறது.

கொஞ்சம் படுக்கலாம் என்றுதான் இதை எழுதி முடிக்கிறேன். ஆனால் கடையில் யாரோ வந்துவிட்டார். அவரிடம் கேட்கவில்லை, நேரே திரையைப் பார்த்துக் கேட்கிறார், இந்தச் சாமான் எந்த நாட்டுது என்று. எழுந்து போக வேண்டும்.