முழங்கால் அளவுத் தண்ணீரில் அம்மா

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஐந்து பேரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது. இருக்கிற குதூகலத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருப்பதால் முதலில் இனம் பிரித்து எழுதிவிடுகிறேன்.

1. உன் அண்ணன் எங்களை இந்தக் கடற்கரை ஹோட்டலுக்குக் கூட்டி வந்தது.
2. "எல்லாம் அடக்கம்" என்பதை நான் புரிந்துகொண்ட லட்சணம்.
3. சாப்பாட்டுக் கூடமும் என் அட்டவணையும்.
4. அம்மாவின் நடை.
5. நீ அங்கே வேலையை நீட்டிக்காமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது என்பதற்கு என் காரணங்கள்.

முதல் இனம். போன வாரம் உன் அண்ணன் வந்து, "அப்பா, நாலு நாள் லீவு போட்டாச்சு, துணியை எடுத்து வைங்க, எங்கேன்னு மட்டும் கேட்காதீங்க" என்றான். கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? பதினோரு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், லிப்ட் உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, பக்கத்தில் டாக்டர் உண்டா என்று. அவன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் "உண்டு" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் நிஜமாகவே எல்லாம் உண்டு சின்னு! மூன்றாவது மாடியில் அறை, கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிகிறது. கதவுக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், அதையே சுவரில் ஒரு துளையில் சொருகினால்தான் விளக்கு எரியும், முதல் அரை மணி நேரம் அது தெரியாமல் நானும் அம்மாவும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம், யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று.

வந்ததும் ஆளுக்கொரு ஆரஞ்சு நிறப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டார்கள். அது கையில் இருந்தால் சாப்பாடு, பானம், நீச்சல் குளம், படகு எல்லாம் அடக்கமாம், எதற்கும் தனியாகக் கேட்க மாட்டார்களாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் ஒண்ணு மாட்டினாங்க, அங்க பத்தியம், இங்க பந்தியா" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் ரொட்டியும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தேன், முதல் நாள் சாயங்காலம் அறையிலேயே அதைச் சாப்பிட்டுவிட்டேன், உன் அண்ணன் மகள் வாண்டு பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். காபி ஊற்றுகிற பெண்ணிடம் ஒவ்வொரு தடவையும் "இதுவும் அடக்கமாம்மா?" என்று கேட்டேன், நாலாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவளே "அடக்கம்தான் ஐயா, குடிங்க" என்றாள்.

அடக்கம் என்று உறுதியானதும் நேர்மாறாகிவிட்டேன், அதுதான் மூன்றாவது இனம். முப்பத்தொரு வருடம் ரயில்வே கால அட்டவணைப் பிரிவில் இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்று ஐந்து பேருக்கும் நேரம் போட்டு எழுதிக் கதவில் ஒட்டினேன். ஏழு பத்துக்குக் காலை உணவு, எட்டரைக்கு ஓய்வு, பத்து நாற்பதுக்கு நீச்சல் என்று. உன் அண்ணன், "அப்பா, இது ஹோட்டல், ஜங்ஷன் இல்ல" என்றான். அண்ணி ஒரு படி மேலே போய், "மாமா, பத்து நாப்பதுக்கு நான் தண்ணியில இறங்கலன்னா வண்டி எடுத்துருவாங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன், இருந்தாலும் அட்டவணையை எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பதினான்கு மேசைகள், சூப்புக்கு ஒன்று, பழத்துக்கு மட்டும் இரண்டு, உயரமான தொப்பி போட்ட ஒருவர் கேட்கக் கேட்க ஆம்லெட் போட்டுத் தருகிறார். அந்தக் கூட்டத்தில் அம்மாவை யாராவது இடித்துவிட்டால்? அதனால் அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு நானே தட்டில் எடுத்து வந்தேன். அவள், "எனக்கு என்ன பிடிக்கும்னு உங்க பேப்பர்ல எழுதியிருக்கா?" என்று கேட்டாள், நான் பையிலிருந்த நகலை எடுத்துப் பார்த்தேன், எழுதவில்லை.

நாலாவது இனம். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து எட்டு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, எதையும் பிடிக்காமல் நடக்கட்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆயிற்று. கைத்தடியும் என் கையும் இல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை, தினம் எத்தனை அடி நடந்தாள் என்று நோட்டில் குறித்துவருகிறேன், அதிகபட்சம் நூற்று நாற்பது. நீயும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா என்று கம்பெனிக்கு வரும் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மா தானாக நடந்துவிட்டால் பாலம் கட்டி முடியும்வரை இரண்டு வருடம் அங்கேயே இருப்பேன், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். அந்த நூற்று நாற்பதை வைத்துக்கொண்டுதான் ஐந்தாவது இனத்தை எழுத உட்கார்ந்தேன். காரணங்கள் ஐந்தையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நீச்சல் குளத்தங்கரைக்குப் போக நேரமாகிவிட்டதால் வந்து பிரதி எடுக்கிறேன்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது மாலை ஐந்து மணி. கை நடுங்குகிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள், இது பயத்தால் வந்த நடுக்கம் இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குளத்தங்கரையில் குடைக்குக் கீழே அம்மாவை உட்கார வைத்தேன். ஈரத் துண்டுகளைக் கொடுத்துவிட்டு உலர்ந்த துண்டு வாங்கி வரக் கிளம்பினேன். அதற்கு ஒரு சின்ன அட்டையைக் காட்ட வேண்டும், அதைக் காணோம். துண்டு கொடுக்கிற பெண், "பரவாயில்ல ஐயா, அறை நம்பர் சொல்லுங்க போதும்" என்றாள், நான்தான் கேட்கவில்லை, முறை என்று ஒன்று இருக்கிறதே என்று மூன்றாவது மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்து, கட்டிலுக்கடியில் குனிந்து, நாற்பது நிமிடம் தேடினேன். கடைசியில் அது அம்மாவின் அடிக்கணக்கு நோட்டிலேயே பக்க அடையாளமாக இருந்தது. வைத்தவன் நான்தான். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் நாற்காலி காலி. கைத்தடி மட்டும் கீழே கிடக்கிறது.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. ஓடினேன் சின்னு, எத்தனை வருடத்துக்குப் பிறகு ஓடினேன் என்று தெரியவில்லை, ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. மணலில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால், கடலில் முழங்கால் அளவுத் தண்ணீரில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நிற்கிறாள். யாரையும் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் வாண்டு, இரண்டு பேரும் கையெட்டாத தூரத்தில். ஒவ்வொரு அலைக்கும் அம்மா "வாடி வா" என்று அதட்டுகிறாள், வாண்டு குதிக்கிறாள். அண்ணியும் குழந்தையும் கடலுக்குப் போவதைப் பார்த்து "நில்லுங்க, நானும் வர்றேன்" என்று எழுந்தாளாம், அண்ணி கை கொடுத்ததற்கு "முன்னாடி நட, வழியை மறைக்காத" என்றாளாம்.

நான் அப்படியே தண்ணீரில் இறங்கி அவள் கையைப் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள் பார், அலையே திரும்பிப் போனது போல இருந்தது. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நீங்க பிடிச்சாத்தாங்க எனக்குப் பயம் வருது. உங்க கை நடுங்குறது நேரா என் கால்ல இறங்குது" என்றாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவளே, "நீங்க லைப்ரரிக்குப் போற நேரத்துல மூணு வாரமா வீட்டுக்குள்ள தனியாத்தான் நடக்குறேன். சொன்னா நோட்டைத் தூக்கிட்டுப் பின்னாலேயே வருவீங்க, அதான் சொல்லல" என்றாள். வருவேன்தான். அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். திரும்பும்போதும் அவளே நடந்தாள், நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தேன். பழக்கதோஷம், எண்ணிவிட்டேன், இருநூற்றுப் பன்னிரண்டு அடி. மத்தியானம் ஆம்லெட் வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள், வெங்காயம் நிறையப் போடச் சொன்னாள். அவளுக்கு வெங்காயம் இவ்வளவு பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா உனக்கு ஆயிரம் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், வாண்டு முத்தம் சொல்லச் சொன்னாள். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் இருக்க வேண்டும். உயரத்தில் ஏறி வேலை பார்க்கும்போது இடுப்பில் கயிறு மாட்டிக்கொள்ள மறக்காதே, இது பயத்தில் சொல்வதில்லை, முறை என்பதால் சொல்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, அதை நினைவில் வை.

மேலே போட்ட ஐந்தாவது இனம் தவறு. அடித்தால் கடிதம் பார்க்க நன்றாக இருக்காது என்று விட்டிருக்கிறேன். அந்தத் தனித்தாளை எடுத்து மறுபடி படித்தேன், அம்மாவுக்குத் துணை வேண்டும், அம்மா பயப்படுகிறாள், அம்மாவுக்கு உன் நினைவாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். "அம்மா" என்று எழுதிய இடத்திலெல்லாம் "நான்" என்று போட்டுப் பார்த்தேன், ஐந்தும் சரியாகப் பொருந்துகிறது. அது ஒரு பாலத்தைப் பாதியில் விடுவதற்குப் போதுமான காரணம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா